பதினோரு பாட்டில்

மனைவியின் உடலை நடுக்கூடத்தில் வைத்துக்கொண்டு தையல்காரர் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை. ஒரு பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் அவள், இன்னொரு பக்கம் ஜன்னலோரம் இந்த மனிதர், நடுவில் கடகடவென்று ஊசி ஓடும் சத்தம். வந்தவர்களும் அப்படியொன்றும் அதிகமில்லை. வாடகைக்கு எடுத்த பத்து நாற்காலியில் ஆறு காலியாகக் கிடந்தன. போன மாதம் வரை குழாயில் தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக வந்தால்கூட இந்தத் தெருவே டம்ளரில் பிடித்துக்கொண்டு அவளிடம்தான் ஓடிவரும். என்றைக்கு வாய்க்கால் துரு நிறமாகி மீன் செத்து மிதந்ததோ, அன்றிலிருந்து ஒரு ஈ, காக்கை இந்த வாசற்படி ஏறவில்லை.

"மாப்ளே, போதும் நிறுத்துங்க. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்றார் மச்சான். அவளுடைய அண்ணன் அவர். குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர், எந்த விஷயத்தையும் சத்தம் வராமல் முடிப்பதில் கெட்டிக்காரர்.

"சரிங்க மச்சான்" என்றார் தையல்காரர். கால் நிற்கவில்லை.

'சரிங்க' என்பதுதான் தெருவில் அவருக்குப் பெயர். நாளைக்கே வேண்டும் என்று துணியைத் தூக்கிப் போட்டாலும் சரிங்க. தைத்ததில் தோள் இறங்கிவிட்டது என்று சண்டைக்கு வந்தாலும் சரிங்க. "எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட எமனே வந்தாலும், சரிங்க, செருப்பை மாட்டிக்கிட்டு வந்துடறேன்னு கிளம்பிடுவார்" என்று அவள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கடைசியில் எமன் ஆள் மாறி வந்துவிட்டான். அவளாவது வாசலிலேயே நிறுத்தி நாலு கேள்வி கேட்டிருப்பாள். அதற்குக்கூட அவகாசம் கொடுக்கவில்லை பாவி. நேற்றுக் காலை சமையலறையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் டாக்டர், அவ்வளவுதான்.

மெஷினில் இருந்தது அவளுடைய வேலைச் சட்டை. நீல யூனிபாரம். வலது கையில் முழங்கைக்குக் கீழே ஆசிட் தெறித்து உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. செவ்வாய்க்கிழமை அதை மெஷின் மேல் போட்டுவிட்டு, "வியாழக்கிழமை விசாரணைக்கு இதைத்தான் போட்டுக்கிட்டுப் போகப்போறேன். கையை மட்டும் தச்சு வைங்க" என்றாள். வழக்கம்போல் அவரும் சரி என்றார். கையில் பள்ளிக்கூடத்துச் சட்டைகள் நாற்பது இருந்தன. அதை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்தார். நாற்பதும் முடிந்தது. இன்றைக்கு வியாழக்கிழமை.

ஆசிட் பட்ட துணியைத் தைப்பது லேசுப்பட்ட வேலையில்லை. ஓட்டையைச் சுற்றிப் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், ஊசி பட்டதும் மாவாக உதிரும். நல்ல துணி வருகிற வரைக்கும் வெட்டித்தான் ஆகவேண்டும். வெட்டினார். அதே நிறத்துக்கு வேறு துணி கிடையாது என்பதால் சட்டையின் அடிமடிப்பைப் பிரித்து, அதிலிருந்தே ஒரு துண்டு எடுத்து ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவளுடைய சட்டைகளில் அவர் போட்ட ஒட்டுகளை எண்ணினால் ஒரு போர்வை தைக்கலாம்.

இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் தொழிற்சாலை அது. முலாம் ஏற வேண்டுமானால் முதலில் துரு போக வேண்டும். துரு போக எல்லாவற்றையும் ஆசிட் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். அந்தத் தொட்டியிலிருந்து வெளியேறும் புளித்த தண்ணீரில் இரும்பு கரைந்திருக்கும். அதை வடிகட்டுவது அவள் வேலை. கல்யாணமான புதிதில் ஒருநாள் அவர் கேட்டார், அப்படி எதில்தான் வடிகட்டுவீர்கள் என்று. ஓர் ஆள் நீளக் குழாய்க்குள் சுருட்டி வைத்த மெம்பரேனைப் பற்றி அவள் விளக்கினாள். மெல்லிய சவ்வு. பம்பு போட்டு அழுத்தினால் தண்ணீர் மட்டும் மறுபக்கம் போகும், இரும்பு இந்தப் பக்கமே நின்றுவிடும். அப்புறம் சுண்ணாம்பு கலந்து புளிப்பைப் போக்கி வாய்க்காலில் விடுவார்கள்.

"உங்க பாஷையில சொன்னா அது துணிதாங்க. ஆனா அதோட கண்ணு உங்க ஊசிக் கண்ணு மாதிரியில்ல, லேசுல தெரியாது" என்றாள். துணி என்று சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. துணியாக இருந்தால் ஒருநாள் நையும். சூடு பட்டால் சீக்கிரம் நையும்.

அதுதான் நடந்தது. கொதிக்கிற ஆசிட் தண்ணீரை ஒரு ராத்திரி ஆறப்போட்டுத்தான் மெம்பரேனுக்கு விட வேண்டும். ஆர்டர் குவிந்ததும் ஆறப்போட நேரமில்லை, அப்படியே விடு என்றார் இன்ஜினியர். மெம்பரேன் தாங்காது சார் என்று அவள் வாயால் சொன்னாள், எழுதியும் கொடுத்தாள். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுங்கம்மா என்ற பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. மெம்பரேன் கிழிந்தது. இரும்பு மறுபக்கம் போனது. சுண்ணாம்பு பட்டதும் துருவாகத் திரண்டு வாய்க்கால் முழுக்கப் படிந்தது. அதிகாரிகள் கேட்டபோது, வேலையில் இருந்த அம்மா ஆறப்போட மறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்துவிட்டது தொழிற்சாலை. அவளை வீட்டுக்கு அனுப்பி யூனிபாரத்தையும் திருப்பிக் கேட்டது. அவள் கொடுக்கவில்லை. மறந்துவிட்டாளாம். பால் பொங்க வைத்துவிட்டு வாசலுக்கு வந்தால்கூட மனசுக்குள் நிமிஷம் எண்ணுகிறவள் மறந்துவிட்டாளாம்.

பிரிட்ஜ் கதவில் அந்த நோட்டீஸ் இன்னும் ஒட்டியிருந்தது. வியாழன் பிற்பகல் மூன்று மணிக்குக் கழிவுநீர் அலுவலகத்தில் நேரில் ஆஜராக வேண்டும், தவறினால் தொழிற்சாலை அளித்த விளக்கமே ஏற்கப்படும். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் நேற்று அழுதுகொண்டே அந்த அலுவலகத்துக்கு போன் போட்டுச் சொன்னாள். அனுதாபம் சொன்னார்கள். யாரும் வராவிட்டால் இருக்கிற காகிதத்தை வைத்து பைலை மூடிவிடுவோம் என்றும் சொன்னார்கள். மச்சான் அடக்கத்துக்கு நேரம் குறித்ததும் அதே மூன்று மணிக்குத்தான். இடுகாட்டில் அந்த நேரம்தான் காலியாக இருந்ததாம்.

மணி பன்னிரண்டு இருக்கும், தொழிற்சாலையிலிருந்து இன்ஜினியர் வந்தார். பெரிய மலர்வளையம். அதைப் பெட்டிமேல் சாய்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றார். மச்சான் பரபரவென்று ஓடி நாற்காலி போட்டார். தையல்காரரும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றார். விரலில் நூல் சுற்றியிருந்தது.

இன்ஜினியர் நன்றாகத்தான் பேசினார். அந்த அம்மா மாதிரி ஒரு தொழிலாளி கிடைக்கமாட்டார், யாரிடமும் இல்லாத சுத்தம், இப்படி ஆகும் என்று யார் நினைத்தார்கள் என்றெல்லாம் சொன்னார். மூன்று மணி விசாரணைக்கு வீட்டிலிருந்து யாரும் அலைய வேண்டாம், நானே போய்ப் பேசி முடித்துவிடுகிறேன், போனவர்மேல் இனி யாரும் நடவடிக்கை எடுக்கப்போவதில்லை என்றார். மச்சானுக்கு இதைக் கேட்டதும் உயிரே வந்தது.

"அப்புறம் டெய்லர், பிரிட்ஜ்ல எங்க சாம்பிள் பாட்டில் கொஞ்சம் இருக்கறதா சொன்னாங்க. கெமிக்கல் பாருங்க. வீட்ல வச்சிருக்கறது ஆபத்து. குடுத்தீங்கன்னா நாங்களே பத்திரமா அப்புறப்படுத்திடறோம்."

"சரிங்க" என்றார் தையல்காரர்.

சொல்லி முடித்ததும் அவருக்கே பகீரென்றது. பாட்டில்களை மூன்று மணி வரைக்கும் யாரும் தொடக்கூடாது என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நேற்றுக் காலை அந்த ஸ்டூலில் உட்கார்ந்ததுகூட அவற்றைத் தேதிவாரியாக அடுக்குவதற்குத்தான். தெரிந்தும் வாய் சரிங்க என்றுவிட்டது. ஐம்பத்தாறு வருஷமாகப் பழகிய வாய், அதை என்ன செய்வது. கால்களும் வாய்க்குக் கட்டுப்பட்டுச் சமையலறைக்கு நடந்தன. துணிப்பையை எடுத்துக்கொண்டார். மகள் குறுக்கே வந்து நின்று, அவர் முகத்தையே பார்த்தாள். அவர் அவளைச் சுற்றிக்கொண்டு போய் பிரிட்ஜைத் திறந்தார்.

கதவுத் தட்டில், சாஸ் பாட்டிலும் முட்டையும் இருக்க வேண்டிய இடத்தில், பதினோரு சின்ன பாட்டில்கள் வரிசையாக நின்றன. வாரத்துக்கு ஒன்று. வெள்ளிக்கிழமை வேலை முடிகிறபோது, வடிந்து வருகிற பக்கத்தில், சுண்ணாம்பு கலக்குமுன் பிடித்தது. இப்படி ஒரு வழக்கம் அவளைத் தவிர அங்கே யாருக்கும் கிடையாது. வீட்டுக்குக் கொண்டுவந்து செய்தித்தாள்மேல் வைத்து, பாட்டில் வழியாக எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பாள். புளிப்பு இருக்கிற வரைக்கும் இரும்பு அடியில் தங்காது, எத்தனை நாளானாலும் நிறத்தைக் காட்டும் என்பாள். முதல் பாட்டில் குடிதண்ணீர் மாதிரி தெளிவு. நாலாவதில் லேசாக மஞ்சள் தட்டியிருந்தது. ஏழாவது எலுமிச்சை நிறம். கடைசி பாட்டில் பால் விடாத தேநீர்.

தையல்காரர் கடைசி பாட்டிலை எடுத்தார். இத்தனை நாள் பிரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுக்கும்போது பார்த்திருக்கிறாரே தவிர, கையில் எடுத்துச் சீட்டைப் படித்ததில்லை. தேதி, நேரம், ஆறப்போடாமல் விட்ட தண்ணீரின் சூடு ஐம்பத்தெட்டு டிகிரி, அவளுடைய கையெழுத்து. அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்து இருந்தது. அறுந்த நூல் சுருண்டு கிடப்பதுபோல் ஒரு சுழி. அந்தச் சுழியை அவருக்குத் தெரியும். அவளை வீட்டுக்கு அனுப்பிய கடிதத்தின் அடியிலும் அதே சுழிதான். பத்தாவதை எடுத்தார், இருந்தது. ஒன்பதாவது. ஐந்தாவது. முதலாவது. எல்லாவற்றிலும் இருந்தது.

அவளே ஒருநாள் சொல்லிச் சிரித்தது நினைவுக்கு வந்தது. எங்க இன்ஜினியர் போன் பேசிக்கிட்டே எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுடுவாருங்க, மளிகைச் சீட்டை நீட்டினாக்கூடப் போடுவாரு. அப்போது அவரும் சிரித்தார். அவள் நீட்டியது மளிகைச் சீட்டில்லை. பதினோரு வெள்ளிக்கிழமையும் இந்தச் சீட்டைத்தான் நீட்டியிருக்கிறாள். அந்த மனிதர் படிக்காமல் போட்டாரோ படித்துவிட்டுப் போட்டாரோ, போட்டிருக்கிறார். ஆறப்போடாமல் விடுவது தனக்குத் தெரியும் என்று பதினோரு தடவை கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். யாரோ அதை அவருக்கு இன்றைக்குத்தான் ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும். மலர்வளையம் அவ்வளவு பெரிதாக இருந்ததன் காரணம் தையல்காரருக்கு இப்போது விளங்கியது.

துக்கத்தில் வராத அழுகை அவருக்கு ஆத்திரத்தில் வந்தது. பாட்டில்களைத் தேதி மாறாமல் பழையபடி அடுக்கி, பிரிட்ஜைச் சாத்திவிட்டு, வெறும் பையோடு கூடத்துக்கு வந்தார்.

"முடியாதுங்க" என்றார்.

மெஷின் ஓடாததால் கூடத்தில் எல்லோருக்கும் அது கேட்டது. எந்த ஊசி விழுந்தாலும் கேட்டிருக்கும். இன்ஜினியர் சரியாகக் காதில் விழாதவர் மாதிரி முகத்தை முன்னால் நீட்டினார்.

"முடியாதுங்க சார். பாட்டில் குடுக்க முடியாது. அவ சட்டையும் குடுக்க முடியாது. மூணு மணிக்கு நீங்க போய்ப் பேச வேணாம், நாங்களே வர்றோம்."

மச்சான் பதறிப்போய் இருவருக்கும் நடுவில் வந்தார். சாவு வீட்டில் மனசு சரியில்லை சார், தப்பாக எடுத்துக்காதீங்க என்று அவரிடம் மன்னிப்புக் கேட்டார். இன்ஜினியர் மறுபடியும் ஆபத்து, கெமிக்கல் என்று ஆரம்பித்தார். அந்த ஆபத்தில்தான் இருபத்திரண்டு வருஷம் கையை விட்டாள் எங்கள் அம்மா, அப்போதெல்லாம் எங்கே போயிருந்தீர்கள் என்று மகள் கேட்டாள். அதற்கு மேல் இன்ஜினியர் உட்காரவில்லை. மலர்வளையத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனார். மகள் அதைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தாள்.

அவர் தெருமுனை திரும்பியதும் மச்சான் பிடித்துக்கொண்டார். அடக்கம் மூன்று மணிக்கு, விசாரணையும் மூன்று மணிக்கு. பெண்டாட்டியை மண்ணில் வைக்கிற நேரத்தில் புருஷன் ஆபீஸ் வாசலில் நிற்பானா என்று கேட்டார்.

"இடுகாட்டுல நாலரைன்னு சொல்லிடுங்க மச்சான். வண்டி அந்த ஆபீஸ் வழியா போகட்டும்."

"பொணத்தை வச்சுக்கிட்டா? புத்தி பேதலிச்சுப் போச்சா மாப்ளே? மானம் போயிடும்."

"மானத்துக்குத்தான் மச்சான் போறோம்."

தங்கையைத் தூக்கி வளர்த்தவர் அவர். அவருக்குள்ளும் ஏதோ ஒன்று இத்தனை நாளாக அரித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், நாலரை, நாலரை என்று யாரிடமோ அதட்டினார்.

தையல்காரர் மறுபடியும் மெஷினில் உட்கார்ந்தார். இந்தத் தடவை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒட்டின் நாலு பக்கத்தையும் இரட்டைத் தையலாக ஓட்டி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். மகள் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவுக்குப் புடவைமேல் அந்தச் சட்டையைப் போட்டுவிட்டாள். வேலைக்குக் கிளம்புகிறபோது போட்டுக்கொள்கிற மாதிரியே. கழுத்துப் பொத்தானையும் மாட்டிவிட்டாள். அதை மாட்டினால் மூச்சு முட்டுகிறது என்று மனைவி எப்போதும் திறந்தே விடுவாள் என்பது தையல்காரருக்கு ஞாபகம் வந்தது. பெட்டியைத் திறக்கச் சொல்லி அதைக் கழற்றிவிட்டார்.

கழிவுநீர் அலுவலகம் கடைத்தெருவை ஒட்டியிருந்த பழைய ஒற்றை மாடிக் கட்டடம். விசாரணை அறை தரைத்தளத்திலேயே இருந்தது. தையல்காரர் ஜன்னலுக்கு நேர் எதிரே வண்டியை நிறுத்தச் சொன்னார். டிரைவருக்கு அதில் சம்மதமில்லை, கிளம்பத் தயாராக இன்ஜினை ஓடவிட்டபடியே இருந்தான். மகள் அம்மாவோடு உள்ளேயே உட்கார்ந்துகொண்டாள். மச்சான் வண்டியின் பின்கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தையல்காரர் பாட்டில்களைப் பனிக்கட்டியோடு வைத்த டப்பாவை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வாசல்படி ஏறினார்.

உள்ளே இன்ஜினியர் முன்னாலேயே வந்து பைலோடு உட்கார்ந்திருந்தார். விசாரணை அதிகாரி ஒரு நடுவயதுப் பெண், கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டிருந்தார். அலுவலகக் குமாஸ்தா பதிவேட்டைப் பிரித்து அவளுடைய முழுப் பெயரையும் படித்தார். அந்தப் பெயரை அவ்வளவு முழுதாக யாரும் கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"வந்திருக்காங்களா?"

இன்ஜினியர் எழுந்தார். அந்த அம்மா நேற்றுக் காலமாகிவிட்டார் மேடம், வருத்தமான விஷயம், அதனால் இதை இத்தோடு என்று ஆரம்பித்தார்.

"வந்திருக்காங்க" என்றார் தையல்காரர்.

அதிகாரி கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"வெளியில வண்டியில இருக்காங்க. நேர்ல ஆஜராகணும்னு போட்டிருந்ததுங்க."

அதிகாரி எழுந்து ஜன்னலுக்குப் போனார். எதிரே வண்டிக் கண்ணாடி வழியாக அந்த நீலச் சட்டை தெரிந்தது. குமாஸ்தா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன எழுதுவது என்று தெரியாமல் காத்திருந்தார். அதிகாரி திரும்பி வந்து உட்கார்ந்து, "ஆஜர்னு எழுதுங்க" என்றார்.

தையல்காரர் டப்பாவைத் திறந்தார். மேசையில் கிடந்த செய்தித்தாளை விரித்து, அதன்மேல் பதினோரு பாட்டிலையும் தேதி மாறாமல் அடுக்கினார். அதிகாரி குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். முதல் பாட்டிலுக்குப் பின்னால் எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. ஏழாவது, எட்டாவதில் கண்ணை இடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் நின்று சீட்டைப் படித்தவர், நிமிராமலே இன்ஜினியரிடம், இந்தக் கையெழுத்து யாருடையது என்று கேட்டார். இன்ஜினியர் பைலைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

எல்லாவற்றையும் சீல் வைத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், ஒவ்வொரு சீட்டாக எழுதிக்கொள்ள வேண்டும் என்றார் அதிகாரி. பிறகு குரலைத் தணித்து, "நேரமாகும் ஐயா. உங்களுக்கு அங்க போகணுமே" என்றார்.

தையல்காரர் ஜன்னலருகே போய், காத்திருக்கச் சொல்லி டிரைவருக்குக் கையைக் காட்டினார். டிரைவர் இன்ஜினை நிறுத்தினான்.

அவர் திரும்பி வந்து, பதினோராவது பாட்டிலின் சீட்டு குமாஸ்தாவின் பக்கம் தெரியும்படி கொஞ்சம் திருப்பி வைத்தார்.